லீஸை மீறினால் யாருக்கு நஷ்டம்?

பீட், அதாவது பாடகர்கள் மேலே பாடிக்கொள்ளும் பின்னணி இசை, செய்து விற்கிற நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் ஒரு இடத்தில் வந்து நிற்கும். "லீஸ் எடுத்தவன் லிமிட்டைத் தாண்டிட்டான், பாட்டைத் தூக்கிடலாமா?" லீஸ் என்றால் பீட்டை ஒரேயடியாக விற்காமல், இத்தனை ஸ்ட்ரீம், இத்தனை வருடம் என்று வரம்பு வைத்துப் பலருக்கும் பயன்படுத்தக் கொடுப்பது. கேள்வி வந்த உடனே பாதிப் பேர் "தூக்கு" என்பார்கள். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது, ஒப்புக்கொண்டுதான் எடுத்திருக்கிறான், இன்றைக்கு ஒருவனை விட்டால் நாளைக்கு எல்லோருக்கும் குளிர்விட்டுப் போகும் என்று காரணங்கள் வரிசையாக வரும். மீதிப் பேர் "பாவம், வளர்ற பையன், விட்டுடு" என்பார்கள். இந்த இரண்டு பதிலுமே எனக்குச் சமாதானமாக இருந்ததில்லை. இரண்டு பக்கமும் லீஸ் மீறல் என்றால் ஒரே வகைதான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். என்னிடம் வந்து சேர்ந்த மீறல்களைப் பார்த்தால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமே இல்லை. சிலதில் எனக்கு வரவேண்டிய பணம் வரவில்லை, அவ்வளவுதான். சிலதில் என்னை நம்பிப் பணம் கொடுத்த மூன்றாவது ஆள் அடி வாங்குகிறார்.

லீஸுக்கும் எக்ஸ்க்ளூசிவுக்கும் (ஒருவருக்கு மட்டும் விற்பது) என்ன வித்தியாசம், எம்பி3 லீஸ், வேவ் லீஸ், ஸ்டெம்ஸோடு (வாத்தியங்கள் தனித்தனி ஃபைலாக) வரும் லீஸ் என்று எத்தனை படி என்பதெல்லாம் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஐம்பதாயிரத்து ஒன்றாவது முறை

ஒரு பாடகர் என்னிடம் கீழ்ப்படி லீஸில் ஒரு பீட் எடுத்திருந்தார். எல்லாத் தளங்களும் சேர்த்து 50,000 ஸ்ட்ரீம், ஒரு வீடியோ, இரண்டு வருடம். பாட்டை நன்றாகவே செய்திருந்தார். நான் வெறுமனே விட்டிருந்த இடத்தில் அவர் ஒரு ஹம்மிங் போட்டிருந்தது இப்போதும் பிடிக்கும். ஸ்பாட்டிஃபையில் எண்ணிக்கையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு நாள் சும்மா தேடியபோது கண்ணில் பட்டது: அந்த ஒரு தளத்திலேயே லிமிட்டைப் போலப் பல மடங்கு. ஆப்பிள் மியூசிக்கில் எண்ணிக்கை வெளியே தெரியாது, அங்கே எவ்வளவு என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆக, லிமிட் என்று நான் எழுதி வைத்திருப்பதை நானே முழுசாக எண்ணிப் பார்க்க வழியில்லை.

ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். பெரும்பாலான லீஸ்களில் இருக்கிற அதே வரி: எண்ணிக்கை தாண்டினால் உரிமம் தானாகவே முடிவுக்கு வரும். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஐம்பதாயிரமாவது முறை கேட்டவர் முறையான பாட்டைக் கேட்டார். அடுத்த முறை கேட்டவர் திருட்டுப் பாட்டைக் கேட்டார். பாடகர் என்ன செய்திருக்க வேண்டும்? பாட்டு ஓட ஆரம்பித்த அதே வாரத்தில் அதை எல்லாத் தளத்திலிருந்தும் எடுத்திருக்க வேண்டும். இதை எந்தப் பாடகரும் செய்ய மாட்டார், செய்யவும் கூடாது. கேட்கிறவர்களை நிறுத்த அவரால் முடியாது. இந்த வரியை மீறுகிறவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். பாட்டு ஓடாதவர் இதை மீறவே முடியாது. என் பீட்டை வைத்து நன்றாகச் செய்தவர்கள் மட்டும்தான் இந்த வரியில் மாட்டுகிறார்கள்.

இதில் சட்டமும் நாம் நினைக்கிற அளவு நேரானது இல்லை. 2010-ல் அமெரிக்காவில், உலகம் பூராவும் ஆடுகிற ஒரு கணினி விளையாட்டின் நிறுவனத்துக்கும் அதற்கு பாட் (ஆளுக்குப் பதில் தானாகவே ஆடும் மென்பொருள்) எழுதி விற்றவருக்கும் நடந்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. உரிமத்தில் இருக்கிற எல்லா வரியும் ஒரே எடை இல்லை என்றது அது. சில வரிகள் உரிமத்தின் எல்லையையே சொல்பவை. அவற்றைத் தாண்டிக் காப்புரிமையை (காப்பிரைட்) தொடும் வேலையைச் செய்தால் அது காப்புரிமை மீறல். மற்றவை வெறும் வாக்குறுதிகள். அவற்றை மீறினால் ஒப்பந்த மீறல் மட்டும். பாட் பயன்படுத்தக் கூடாது என்ற வரி இரண்டாவது வகை என்று முடிவாயிற்று. பீட் லீஸுக்கு இது ஏன் முக்கியம் என்றால், டேக்டவுன் என்ற ஆயுதம் காப்புரிமை மீறலுக்கு மட்டுமே உரியது. வாக்குறுதி மீறல் என்றால் பணம் கேட்கலாம், வழக்குப் போடலாம். பாட்டைத் தூக்கச் சொல்லிப் படிவம் நிரப்ப முடியாது. அதனால்தான் "எண்ணிக்கை தாண்டினால் இவ்வளவு கட்ட வேண்டும்" என்று எழுதுவதும் "தாண்டினால் உரிமம் முடியும்" என்று எழுதுவதும் இரண்டு வேறு ஒப்பந்தங்கள். மாதிரிப் படிவத்தை இறக்கிப் பேரை மட்டும் மாற்றி வைத்திருக்கிறவர்களில் பலருக்குத் தங்களிடம் இருப்பது எது என்றே தெரியாது.

நான் அவருக்கு மெயில் போட்டேன். மிரட்டவில்லை. பாட்டு நன்றாக ஓடுகிறது, வாழ்த்துகள், உங்கள் லீஸ் 50,000 வரைதான், அன்லிமிடெட் படிக்கு மாறிக்கொள்ளுங்கள், ஏற்கனவே கொடுத்ததைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டினால் போதும் என்று எழுதி, அவர் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தையும் இணைத்தேன். அன்று இரவே பதில் வந்தது. "லிமிட்டா? நான் பீட்டை வாங்கிட்டேன்னுதான் ப்ரோ நினைச்சேன்." அவர் நடிக்கவில்லை. பணம் கட்டும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டு ஃபைலை இறக்குகிறவர்களில் ஒப்பந்தத்தைப் படிக்கிறவர் யார்? ஓரிரு நாள் பேசியதில் மீதியைக் கட்டிவிட்டார்.

ஆனால் அந்தப் பேச்சில் வேறொன்று வெளியே வந்தது. லீஸில் பாட்டின் எழுத்துரிமையில் பாதி எனக்கு என்று இருக்கிறது. பதிவு செய்த ஒலிக்கு ஒரு உரிமை, அதன் அடியில் இருக்கும் மெட்டுக்கும் வரிகளுக்கும் இன்னொரு உரிமை; என் பாதி அந்த இரண்டாவதில். அந்தப் பாட்டை ராயல்டி வசூலித்துத் தரும் எந்த உரிமைச் சங்கத்திலும் யாருமே பதிவு செய்திருக்கவில்லை. தளங்களில் இசையமைப்பாளர் பேர் போடும் இடத்தில் அவர் பேர் மட்டும் இருந்தது. லிமிட் தாண்டியது எனக்கு ஒருமுறை வரவேண்டிய ஒரு சின்னத் தொகை. பேர் இல்லாமல் போனது அந்தப் பாட்டு உயிரோடு இருக்கும் வரை ஒவ்வொரு காலாண்டும் சத்தமில்லாமல் போகிற பணம். அந்தப் பணம் அவருக்கும் போகவில்லை. பதிவே இல்லாததால் அவர் பங்கும் சேர்ந்தேதான் போயிற்று. லிமிட்டைத் தாண்டியதற்காகக் கொதிக்கிற நண்பர்களிடம் "உன் பேர் கிரெடிட்டில் இருக்கா, பதிவு ஆகியிருக்கா?" என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிகிற எண்ணோடுதான் சண்டை போடுகிறோம்.

இதற்கு எல்லோரும் சொல்கிற உதாரணம் ஒன்று உண்டு. லில் நாஸ் எக்ஸ் என்ற பையன் 2018-ல் யங்கியோ என்ற டச்சு ப்ரொட்யூசரின் பீட்டை பீட்ஸ்டார்ஸ் என்ற பீட் விற்பனைத் தளத்தில் 30 டாலருக்கு எடுத்தார். அதிலிருந்து வந்த "ஓல்ட் டவுன் ரோடு" 2019-ல் பில்போர்டு ஹாட் 100-ல் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. 30 டாலர் லீஸ் அந்த மாதிரி ஓட்டத்தைத் தாங்காது. அந்த அளவுக்கு ஓடுகிற பாட்டுக்குப் பெரிய நிறுவனம் உள்ளே வரும்போது எல்லாவற்றையும் திரும்பப் பேசித்தான் ஆக வேண்டும். நம் ஆட்கள் இந்தக் கதையை லாட்டரிக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு பகுதி. அந்த பீட்டின் அடியில் நைன் இன்ச் நெயில்ஸ் என்ற இசைக்குழு 2008-ல் வெளியிட்ட இசைத்துண்டு ஒன்று இருந்தது. பீட் விற்கப்பட்டபோது அதற்கு அனுமதி வாங்கியிருக்கவில்லை. பிறகு அனுமதி பெற்று அந்தக் குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர், அட்டிகஸ் ராஸ் இருவர் பேரும் பாட்டில் சேர்ந்தது. நம் லீஸ்களில் "சாம்பிள் அனுமதி வாங்குவது எடுப்பவர் பொறுப்பு" என்று ஒரு வரி சாதாரணமாக இருக்கும். பீட்டுக்குள் என்ன போட்டிருக்கிறோம் என்று நமக்குத்தான் தெரியும். பொறுப்பை மட்டும் அவர் தலையில் கட்டுகிறோம். லீஸ் மீறலைப் பற்றி நியாயம் பேசுகிற யாரும் இந்த வரியைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

ஒரு டிக்கில் வந்த வினை

இத்தனையும் என் மனதில் ஒரு வடிவத்துக்கு வந்தது இன்னொரு மெயிலால்தான். அன்லிமிடெட் லீஸ் எடுத்திருந்த ஒரு பாடகி எழுதியிருந்தார். அவருடைய யூடியூப் வீடியோ மீது கன்டென்ட் ஐடி (ஒலியைத் தானாகவே ஒப்பிட்டுப் பார்க்கும் யூடியூபின் இயந்திரம்) வழியாக ஒரு க்ளெய்ம், அதாவது 'இது என் இசை' என்ற உரிமைக் கோரிக்கை, விழுந்திருந்தது. ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தார். க்ளெய்மில் அவர் கேள்விப்படாத ஒரு பாட்டின் பேர், கேள்விப்படாத ஒரு ஆளின் பேர். வீடியோவில் பொருந்தியதாகக் காட்டிய இடங்களைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது: முதல் 14 விநாடி, இரண்டாவது ஹுக்குக்கு அப்புறம் வரும் இடைவெளி, கடைசியில் தேய்ந்து போகும் பகுதி. மூன்றிலும் குரல் கிடையாது. என் பீட் மட்டும் தனியாக ஓடும் இடங்கள். மெயிலின் கடைசி வரி: "நீங்க எனக்குக் கொடுத்ததை இவருக்கு எக்ஸ்க்ளூசிவா வித்துட்டீங்களா சார்?"

நான் யாருக்கும் விற்கவில்லை. அதே பீட்டைக் கீழ்ப்படி லீஸில் எடுத்த ஒரு பையன், தன் பாட்டை டிஸ்ட்ரிப்யூட்டர் (பாட்டைத் தளங்களில் ஏற்றித் தரும் நிறுவனம்) வழியாக வெளியிடும்போது, யூடியூபிலிருந்தும் பணம் வேண்டுமா என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறான். யார்தான் வேண்டாம் என்பார்கள்? அந்த ஒரு டிக்கில் அவன் பாட்டு கன்டென்ட் ஐடியில் ரெஃபரன்ஸாக ஏறிவிட்டது. அந்த இயந்திரத்துக்கு பீட் செய்தவர் யார், லீஸ் எடுத்தவர் யார் என்ற கணக்கெல்லாம் தெரியாது. கையில் இருக்கும் ரெஃபரன்ஸோடு ஒலி பொருந்தினால் க்ளெய்ம் போடும். உண்மையில் கன்டென்ட் ஐடிக்குக் கொடுக்கும் ஒலியில் கொடுப்பவருக்குத் தனியுரிமை இருக்க வேண்டும், பலருக்குப் பொதுவாக உரிமம் கொடுத்த இசை அதில் வரக்கூடாது என்பது யூடியூபின் விதி. டிஸ்ட்ரிப்யூட்டர் படிவத்திலும் அந்தக் கேள்வி இருக்கும். அதுவும் ஒரு கட்டம், அதிலும் ஒரு டிக். அன்று மாலை என் சேனலைத் திறந்தால், அந்த பீட்டை நானே ஏற்றி வைத்திருந்த வீடியோ மீதும் அதே பையனின் க்ளெய்ம். நான் செய்த பீட்டுக்கு வந்த விளம்பரப் பணம் அவன் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. சிரிப்புதான் வந்தது. அந்தப் பாடகியின் வரியைத் திரும்பப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது.

அதுவரை லீஸ் என்றால் எனக்கும் எடுத்தவருக்கும் நடுவில் இருக்கிற ஒரு காகிதம் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் மீறினால் எனக்கு நஷ்டம், மன்னிக்கிற உரிமையும் எனக்கே. ஆனால் ஒரே பீட்டை லீஸுக்கு விடுவது, ஒரே வீட்டை ஒரே சமயத்தில் முப்பது குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டு, யார் கண்ணிலும் யாரும் படாமல் வைத்திருப்பது மாதிரி. அவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. எல்லோரையும் தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஒருவர் கதவை உள்ளே தாழ் போட்டால் மற்ற இருபத்தொன்பது பேரும் வெளியே நிற்பார்கள், நியாயம் கேட்டு என்னிடம்தான் வருவார்கள். அந்த இடத்தில் பெருந்தன்மை காட்ட எனக்கு என்ன உரிமை? நான் பெருந்தன்மை காட்டினால் விலை கொடுக்கிறவர் அந்தப் பாடகி.

அவரிடம் உடனே டிஸ்ப்யூட் (க்ளெய்ம் தப்பு என்ற மறுப்பு) போடச் சொன்னேன், உரிமத்தின் பிடிஎஃப்பும் அனுப்பினேன். இதில் நாள் கணக்கு முக்கியம். க்ளெய்ம் விழுந்து 5 நாளுக்குள் டிஸ்ப்யூட் போட்டால் முதல் நாளிலிருந்து வரும் பணத்தை யூடியூப் யாருக்கும் கொடுக்காமல் தனியே வைத்திருக்கும்; தாமதித்தால் டிஸ்ப்யூட் போட்ட நாளிலிருந்துதான். க்ளெய்ம் போட்டவருக்குப் பதில் சொல்ல 30 நாள். "தப்பு செஞ்சது வேற யாரோ, 30 நாள் நான் ஏன் சார் காத்திருக்கணும்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

பையனுக்கு எழுதியபோது குரலை மாற்றித்தான் எழுதினேன். பாட்டு இருக்கட்டும், கன்டென்ட் ஐடியிலிருந்து மட்டும் இரண்டு நாளுக்குள் எடுத்துவிடு, போட்ட க்ளெய்ம்களை விட்டுக்கொடு, இல்லாவிட்டால் ஒப்பந்தத்தோடு உன் டிஸ்ட்ரிப்யூட்டருக்கே எழுதுவேன் என்று. "பாட்டைத் தூக்கிடாதீங்க ண்ணா" என்று பதறிப்போய்ப் பதில் போட்டான். அவனுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. எங்கே போய் எடுப்பது என்றும் தெரியவில்லை. கடைசியில் அவனும் நானும் சேர்ந்துதான் டிஸ்ட்ரிப்யூட்டரின் உதவிப் பக்கத்தில் மெயிலுக்கு மேல் மெயில் போட்டோம். இரண்டு நாள் என்று நான் வைத்த கெடு அவர்கள் பதில் சொல்வதற்குள்ளேயே முடிந்துவிட்டது. ஆனால் டிஸ்ட்ரிப்யூட்டர்கள் இதை அலட்சியம் செய்வதில்லை; தப்பான ரெஃபரன்ஸ் அடிக்கடி கொடுத்தால் அவர்களுடைய கன்டென்ட் ஐடி அனுமதிக்கே ஆபத்து. ரெஃபரன்ஸ் போனது, க்ளெய்ம்கள் நீங்கின, பாட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

நண்பர் ஒருவர் "நேரா டேக்டவுன் அடிச்சிருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும்" என்றார். முடிந்திருக்காது. அவன் வீடியோவைத் தூக்கினால் வீடியோ போகும், ரெஃபரன்ஸ் போகாது. பாடகி மீதிருக்கும் க்ளெய்ம் அப்படியே இருக்கும். அவனுக்கு மட்டும் ஒரு ஸ்ட்ரைக், அதாவது சேனல் மீது யூடியூப் போடும் கறுப்புப் புள்ளி. 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும். அவன் எதிர்மனு போட்டால் 10 முதல் 14 வேலை நாளுக்குள் வீடியோ திரும்பி வந்துவிடும், நான் நீதிமன்றம் போனால் ஒழிய. அது மட்டுமில்லை, உரிமம் உயிரோடு இருக்கும்போது "இது மீறல்" என்று தெரிந்தே பொய்யாக எழுதிக் கொடுத்தால், இந்த டேக்டவுனுக்கு வழி செய்த 1998-ன் அமெரிக்கச் சட்டத்திலேயே நம் மீதும் நஷ்டஈடு கேட்க இடம் இருக்கிறது. கோபத்தில் அந்தப் படிவத்தை நிரப்புகிறவர்கள் அந்தப் பகுதியைப் படிப்பதில்லை. பாடகர்கள் ஒப்பந்தத்தைப் படிப்பதில்லை என்று நாம் புலம்புகிறோம், சரி.

உரிமமே இல்லாதவர்கள்

டேக்கோடு (பீட் செய்தவர் பேரைச் சொல்லும் குரல் அடையாளம்) இருக்கும் இலவச எம்பி3-யை இறக்கி, டேக்கை மென்பொருளில் தேய்த்துவிட்டுப் பாட்டாக வெளியிடுகிறவர்களையும் நாம் இதே பேச்சில் சேர்த்துக்கொள்கிறோம். அவர்கள் லீஸை மீறவில்லை. அவர்களிடம் லீஸே இல்லை. அங்கே எனக்கு எந்தக் குழப்பமும் கிடையாது. முதலில் ஒரு மெயில், பதில் இல்லையா, டேக்டவுன். என் ப்ராஜெக்ட் ஃபைல், தேதியோடு இருக்கும் பவுன்ஸ் (அதிலிருந்து எடுத்த ஒலி ஃபைல்), முதலில் ஏற்றிய வீடியோ எல்லாம் கையில் இருக்கும். காப்புரிமை பிறப்பதற்குப் பதிவு தேவையில்லை. ஆனால் அமெரிக்கப் படைப்பு என்றால் அங்கே வழக்குப் போடப் பதிவு வேண்டும் என்பதை 2019-ல் அவர்கள் உச்ச நீதிமன்றமே உறுதிசெய்தது. அது தனிக் கதை.

இப்போது எழுதுவது

லிமிட் வரியை நான் எடுக்கவில்லை. எண்ணிக்கை தாண்டினால் உரிமம் முடியும் என்று இருந்ததை மட்டும் மாற்றினேன். இப்போது தாண்டினால் உரிமம் தொடரும், அடுத்த படிக்கான வித்தியாசத் தொகை கடனாகும், கேட்டு 30 நாளுக்குள் கட்டாவிட்டால்தான் முடியும். எழுத்துரிமைப் பங்கும் கிரெடிட்டில் போட வேண்டிய பேரும், பாட்டை வெளியிடும் படிவத்தில் எப்படி அடிக்க வேண்டுமோ அப்படியே, எழுத்துப் பிழையோடு போய்விடாதபடி, முதல் பக்கத்திலேயே இருக்கின்றன. கன்டென்ட் ஐடி வரி மட்டும் கடுமையாக இருக்கிறது. ஏற்றினால் அந்த நொடியே உரிமம் நிற்கும், எடுத்த பிறகுதான் திரும்ப உயிர் வரும். அது ஒப்பந்தத்தில் மட்டும் இருந்தால் பயனில்லை என்பதால், பீட் ஃபைலோடு போகும் மெயிலில் முதல் வரியாகவே எழுதுகிறேன்: டிஸ்ட்ரிப்யூட்டர் படிவத்தில் யூடியூப் கட்டத்தில் டிக் போடாதீர்கள். அதற்கப்புறம் இந்த வகைச் சண்டை ரொம்பவே குறைந்துவிட்டது. ஒப்பந்தம் செய்யாத வேலையை ஒரு வரி மெயில் செய்கிறது என்பது கொஞ்சம் எரிச்சல்தான்.

தீராமல் இருப்பது எக்ஸ்க்ளூசிவ் விவகாரம். ஏற்கனவே லீஸில் போன பீட்டை ஒருவர் எக்ஸ்க்ளூசிவாக வாங்க வந்தால், பழைய லீஸ்கள் அவற்றின் காலம் முடியும் வரை உயிரோடு இருக்கும். வாங்குகிறவர் தன் பாட்டை கன்டென்ட் ஐடியில் ஏற்றத்தான் வாங்குகிறார். ஏற்றினால் பழையவர்கள் எல்லோர் மீதும் க்ளெய்ம் விழும். அதனால் பழைய லீஸ்காரர்களின் சேனல்கள், அவர்கள் பாட்டுகளின் இணைப்புகள் எல்லாவற்றையும் பட்டியலாகக் கொடுத்து, இவர்கள் மீது விழும் க்ளெய்மை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்கிறேன். நேர்மையான வழி இதுதான், ஆனால் வியாபாரத்துக்கு நல்லதில்லை. போன முறை வந்தவர் பட்டியலின் நீளத்தைப் பார்த்துவிட்டு, "இத்தனை பேர் பாடினதையா நான் எக்ஸ்க்ளூசிவா வாங்கணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. புதுசாக ஒன்று செய்து தருகிறேன், லீஸுக்கே விடாமல் நேரே உங்களுக்கு என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.